ஒரு கோப்பைத் தேநீரும் விருந்தினர் ஒழுக்கமும்

விருந்தோம்பலைப் புகழாத தமிழ்ப் புலவர் அரியர். விருந்தளித்த வள்ளலை வாழ்த்தாத தமிழ்க் காப்பியமும் அரிது. விருந்தோம்பும் இல்லத்தாருக்கு நம் இலக்கியம் வகுத்த கடமைகளைத் தொகுத்தால் ஒரு தனி நூலாகும். ஆனால் அவ்வில்லத்தின் வாயிலில் வந்து நிற்பவருக்கு, அதாவது விருந்தினருக்கு, எழுதப்பட்ட ஒழுக்கங்களைத் தொகுக்கப் புகுந்தால் ஏடு விரைவில் முடிந்துவிடுகிறது. இந்தச் சமமின்மை ஏன் நேர்ந்தது, இக்குறையை நிறைப்பவை எவை, நம் குடும்பங்களில் இன்று அதனால் விளையும் தீங்கு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்குப் பெருவிருந்தை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. திருமணப் பந்தியிலும் பெருநாள் விருந்திலும் மனிதர் தம்மைக் காத்துக்கொள்கின்றனர். பலர் பார்க்கின்றனர், முறைகளும் முன்பே தெரிந்தவை. நாள்தோறும் நிகழும் விருந்து ஒரு கோப்பைத் தேநீரே. நோய் விசாரிக்க வருபவர், கடன் கேட்க வருபவர், சம்பந்தம் பேச வருபவர், பள்ளிவாசல் நன்கொடைக்கு வருபவர் ஆகிய அனைவர் முன்னும் வைக்கப்படுவது அதுவே. மனிதரை அறிய இதனினும் எளிய உரைகல் இல்லை.

இரண்டு மங்களூர்கள்

மங்களூர் என்றதும் பலர் நினைவுக்கு வருவது கர்நாடகக் கடற்கரை நகரம். அங்கே 1865ஆம் ஆண்டில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையால் ‘மங்களூர் ஓடு’ என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. நாம் கருதும் மங்களூர் வேறு. கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திற்கு மேற்கே, திட்டக்குடி வட்டாரத்தில் உள்ளது அது. ஊராட்சி ஒன்றியம் ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கும் ஊர். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிப் பூமி. அந்த மங்களூருக்கு ஓட்டினால் புகழ். இந்த மங்களூருக்கோ அண்டை நகரின் பீங்கானால் ஒரு தொடர்பு. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை அமைந்தது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அமைந்தது. நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்கு அருகிலேயே வாய்த்த செல்வம். பொம்மைகளும் மின்சாரத்திற்கு வேண்டிய பீங்கான் பொருள்களும் அவ்வூரின் பெயரைப் பல இடங்களுக்குக் கொண்டு சென்றன.

பீங்கான் என்னும் சொல்லே ஒரு விருந்தினர்தாம். பாரசீக மொழியில் கிண்ணத்தைக் குறித்த சொல் தமிழில் வந்து குடியேறி, பாண்டத்திற்கும் அதன் மூலப்பொருளுக்கும் பெயராயிற்று. கோப்பை, போர்ச்சுகீசியர் வழி வந்தது. தேயிலையின் முதலெழுத்து சீனக் கடற்கரை வழக்கிலிருந்து வந்தது. நம் சமுதாயத்தில் பல ஊர்களில் வழங்கும் ‘சாயா’வும் அதே சீனத்தில் பிறந்து, தரைவழியே பாரசீகம் சென்று திரும்பி வந்த சொல்லாகும். ஆகவே ஒரு கோப்பைத் தேநீரை நாம் கையில் ஏந்தும்போது பல நாடுகளின் சொற்களை ஏந்துகிறோம். வந்த சொற்களுக்கெல்லாம் தமிழ் இடம் கொடுத்தது. அச்சொற்களும் தமிழின் ஒலிமுறைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டன. விருந்தினர் ஒழுக்கத்தின் முதற்பாடம் இதில் அடங்கியிருக்கிறது: சென்ற இடத்தின் முறைக்குத் தக்கவாறு அமைதல்.

புலவர்கள் சொன்னதும் சொல்லாததும்

பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. உற்றாரும் நண்பரும் அல்லாது புதிதாக வருபவரையே அச்சொல் முதலில் சுட்டியது. திருவள்ளுவர் ஒன்பதாம் அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களையும் விருந்தோம்பலுக்கே வழங்கினார். விருந்தினர் புறத்தே இருக்கத் தான் மட்டும் உண்ணுதல் தகாது என்றார். முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவர் என்பதை அனிச்ச மலரைக் கொண்டு விளக்கினார். விருந்தினரின் உள்ளம் எத்துணை மென்மையானது என்பதை இதனினும் நுட்பமாகச் சொல்ல இயலாது. ஆனால் அவ்வதிகாரம் முழுவதும் பேசப்படுவது இல்லத்தாரிடமே. விருந்தளிப்பவரின் உள்ளமும் அனிச்சமே என்பதும், விருந்தினர் முகம் சுளித்தால் அதுவும் வாடும் என்பதும் அங்கே சொல்லப்படவில்லை.

இதனை வள்ளுவரின் குறையாகக் கொள்ள நாம் துணியவில்லை. அதிகார வரிசையை நோக்குக. விருந்தோம்பலை அடுத்து வருவது இனியவை கூறல். அதனை அடுத்து வருவது செய்ந்நன்றி அறிதல். உண்டு எழுந்தவன் செய்ய வேண்டியவை இவ்விரண்டுமே அல்லவா? வாயால் இனிய சொல், நெஞ்சால் நன்றி. தினையளவு உதவியையும் பனையளவாகக் கருதும் பண்பை ஒரு கோப்பைத் தேநீருக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். விருந்தினருக்குரிய ஒழுக்கத்தை வள்ளுவர் தனியாக வகுக்காமல், அடுத்த இரு அதிகாரங்களில் எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டார் என்றே நாம் கொள்கிறோம்.

பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றாகிய ஆசாரக்கோவை, உண்ணும் முறையை விரிவாகப் பேசுகிறது. பெரியோருடன் உண்ணும்போது அவர்க்கு முன் தொடங்காமையும், அவர்க்கு முன் எழாமையும், நெருக்கி அமராமையும் அதில் விதிக்கப்பட்டுள்ளன. பயனுள்ள விதிகளே. எனினும் பெருவாயின் முள்ளியாரின் நோக்கு உண்பவனின் ஆசாரத்தின்மீது நிற்கிறது. அடுக்களையில் புகையோடு போராடுபவரிடம் செல்லவில்லை. எத்திசை நோக்கி உண்பது என்று கற்பிக்கும் நூல், யார் உழைத்ததை உண்கிறோம் என்று கேட்கவில்லை.

ஆற்றுப்படை நூல்களின் நிலை வேறு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனை உபசரித்த சிறப்பைப் படிப்போர் அரசனின் ஈகையைக் கண்டு வியப்பர். நாம் வேறொன்றைக் கண்டு வியக்கிறோம். பல நாள் உண்ட பின் பொருநன் தானே விடைபெற விரும்புகிறான். தன் சுற்றத்திடம் செல்ல வேண்டும் என்று மெல்லச் சொல்கிறான். அரசன் பிரிய மனமில்லாது வருந்துகிறான். வழியனுப்பும்போது ஏழடி பின்தொடர்ந்து வருகிறான். விருந்தினர் எழும் நேரத்தில் விருந்தளிப்பவர் ‘இன்னும் சற்று இருங்கள்’ என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். அந்த நேரமே எழுவதற்குச் சரியான நேரம். அதற்குப் பின் இருப்பவர் அச்சொல்லை உபசாரச் சொல்லாக்கிவிடுகிறார்.

இங்கே ஓர் உண்மையும் புலனாகிறது. நம் விருந்தோம்பல் இலக்கியத்தைப் பெரும்பாலும் எழுதியவர்கள் விருந்தினர்களே. உண்ட பொருநன் பாடினான். பரிசு பெற்ற பாணன் பாடினான். உமறுப் புலவர் தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரைச் சீறாப்புராணத்தின் உள்ளேயே வாழ்த்தினார். சீதக்காதி வள்ளல் செத்தும் கொடுத்தார் என்று ஊர் சொல்வதும் பெற்றவர் வாயால் வந்த புகழே. ஆகவே விருந்தினர் ஒழுக்கம் நம் இலக்கியத்தில் விதியாக எழுதப்படவில்லை, செயலாக நிகழ்ந்திருக்கிறது. உண்டவர் நன்றியோடு பாடினார் என்பதே அவ்வொழுக்கம். பாடத் தெரியாத நம்மைப் போன்றோருக்கோ விதி வேண்டியிருக்கிறது.

மார்க்கம் வகுத்த முறை

அவ்விதியை வகுத்துத் தந்த பெருமை நம் மார்க்கத்திற்கு உரியது. இஸ்லாம் விருந்தளிப்பவருக்குச் சொன்னதுபோலவே விருந்தினருக்கும் சொன்னது. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் நேராக விருந்தினரை நோக்கியே பேசுகிறது. அழைப்பின்றி நுழையாமை, உணவு ஆகும்வரை முன்கூட்டியே வந்து காத்திராமை, உண்டதும் கலைந்து செல்லல், பேச்சில் இலயித்து அமர்ந்துவிடாமை ஆகியவை அதில் உள்ளன. அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் மணவிருந்தில் சிலர் எழாமல் பேசிக்கொண்டிருந்தனர். நபிகள் பெருமான் (ஸல்) எழுந்து சென்று திரும்பி வந்தும் அவர்கள் எழவில்லை. அவர்களை எழச் சொல்ல அண்ணலாருக்கு நாணம். அந்த நாணத்தை அறிந்த இறைவன் தன் மறையில் அதனைப் பேசினான். ஓர் இல்லத்தாரின் கூச்சத்தைக் காக்க வசனம் இறங்கியது என்றால், அக்கூச்சத்தைப் பயன்படுத்திக்கொள்வது எத்துணைப் பிழை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விருந்தினராய்த் தங்குவதற்கு மூன்று நாள் எல்லை. இல்லத்தாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும்வரை தங்குவது ஆகாது என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழியின் கருத்து. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று நம் பாட்டிமார் சொல்லும் பழமொழியும் இதையே சொல்கிறது. மூன்று நாளைத் தேநீர் அளவுக்குச் சுருக்கினால் எத்தனை நிமிடம் என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, மறுத்தல். தேநீர் நீட்டப்படும்போது ‘வேண்டாம், இப்பொழுதுதான் குடித்தேன்’ என்று சொல்வது நாகரிகம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். வேண்டும் என்ற எண்ணத்தோடே வேண்டாம் என்கின்றனர். மும்முறை வற்புறுத்திய பின் வாங்கிக்கொள்கின்றனர். அன்னை ஆயிஷா (ரலி) மணமகளாய் வந்த நாளில் நபிகள் பெருமான் (ஸல்) பால் கிண்ணத்தை உடனிருந்த பெண்களுக்கு அளித்தார்கள். அவர்கள் வெட்கத்தால் தங்களுக்கு விருப்பமில்லை என்றனர். பசியையும் பொய்யையும் ஒருசேரக் கொள்ளாதீர்கள் என்னும் பொருளில் அண்ணலார் அறிவுறுத்தினார்கள் என்று அஸ்மா பின்த் யஸீத் (ரலி) அறிவிக்கிறார்கள். நாம் நாகரிகம் என்று கருதும் சிறு பொய்யை அண்ணலார் பொய் என்றே பெயரிட்டழைத்தார்கள்.

உண்மையாகவே வேண்டாதவர் என்ன செய்வது? அதற்கும் திருமறையில் ஒரு காட்சி உண்டு. இப்ராஹீம் நபி (அலை) அவர்களிடம் அறியாத விருந்தினர் வருகின்றனர். என்ன வேண்டும் என்று கேட்காமலே அவர்கள் ஓசையின்றி உள்ளே சென்று, கொழுத்த கன்றைச் சமைத்துக் கொணர்ந்து அருகில் வைக்கிறார்கள். விருந்தினர் கை நீட்டவில்லை. இப்ராஹீம் நபியின் உள்ளத்தில் அச்சம் பிறக்கிறது. உணவைத் தொடாதவர் பகைவராய் இருக்கக்கூடும் என்பது அக்காலத்தார் எண்ணம். உடனே விருந்தினர், அஞ்ச வேண்டாம் என்று தேற்றித் தாம் இறைவனால் அனுப்பப்பட்டவர் என்பதை வெளிப்படுத்துகின்றனர். மலக்குகளே ஆயினும், உண்ணாமைக்குக் காரணம் சொல்லி இல்லத்தாரின் அச்சத்தைப் போக்க வேண்டியதாயிற்று. நீரிழிவு நோயர் சர்க்கரை வேண்டாம் என்பதும், வயிற்றுப் புண் உள்ளவர் தேநீரே வேண்டாம் என்பதும் குற்றமல்ல. காரணம் சொல்லாமல் கோப்பையை ஆறவிட்டு எழுவதே குற்றம். காரணத்தையும் காலத்தில் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பாலும் தூளும் சர்க்கரையும் ஒரே பாத்திரத்தில் கொதிப்பதே பெருவழக்கு. அடுப்பு மூட்டுமுன் சொன்னால் எளிது. ஆற்றிக் கொணர்ந்த பின் சொன்னால் இன்னொரு முறை அடுப்பு எரிய வேண்டும்.

விரும்பியதைக் கேட்டல் குறித்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்தாளும் நிகழ்ச்சி ஒன்று, படித்தவர் நெஞ்சை விட்டு நீங்காதது. ஸல்மான் பார்ஸி (ரலி) தம்மிடம் வந்த இருவருக்கு வாற்கோதுமை ரொட்டியும் உப்பும் வைத்தார்கள். உப்போடு கொஞ்சம் நறுமண இலையும் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார் ஒருவர். ஸல்மான் (ரலி) வெளியே சென்று தம் ஒளுச் செம்பை அடகு வைத்து அதனை வாங்கி வந்தார்கள். உண்டு முடித்த அம்மனிதர், கிடைத்ததில் திருப்தியடையச் செய்த இறைவனைப் புகழ்ந்தார். கிடைத்ததில் நீர் திருப்தியடைந்திருந்தால் என் செம்பு அடகுக்குப் போயிராது என்றார்கள் ஸல்மான் (ரலி). ‘தேநீரா? காப்பி இல்லையா?’ என்று கேட்கும் முன் இச்செம்பு நம் கண்முன் வந்து நிற்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் மங்களூர்ப் பக்கத்து மானாவாரி உழவர் வீட்டில் பால் எங்கிருந்து வந்தது என்பதை விருந்தினர் அறியார்.

இஹ்யா நாற்பது பகுதிகளைக் கொண்ட நூல். அதன் இரண்டாம் கால்பகுதி உண்ணும் ஒழுக்கத்திலேதான் தொடங்குகிறது. உணவு வரும் வாயிலையே அடிக்கடி நோக்கிக்கொண்டிராமை, பெண்கள் இருக்கும் அறைக்கு நேரே அமராமை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இல்லத்தாருக்கு எளிதானதைத் தேர்தல் என்று சிறு செயல்களை அந்நூல் எண்ணிச் சொல்கிறது. ஆசாரக்கோவையும் சிறு செயல்களைச் சொன்ன நூலே. ஆனால் இங்கே ஒவ்வொரு விதியின் பின்னும் மற்றொருவரின் மனம் இருக்கிறது. ஒழுக்க நூலின் தகுதியை அளக்க இதுவே கோல் என்பது நம் துணிபு.

போலி நாகரிகம்

இக்கோலைக் கொண்டு இக்காலத்து நாகரிகக் கையேடுகளையும் அளப்போம். கோப்பையின் காதை எவ்விரல்களால் பிடிப்பது, கரண்டியை எங்கே வைப்பது, சாசரில் ஊற்றிக் குடிப்பது பட்டிக்காட்டுத்தனம் என்றெல்லாம் அவை கற்பிக்கின்றன. சாசரில் ஊற்றிக் குடிக்கும் நம் பெரியவர்களைப் பேரப்பிள்ளைகள் நகைப்பதும் உண்டு. இங்கிலாந்திலேயே பதினெட்டாம் நூற்றாண்டில் தேநீரைத் தட்டில் ஊற்றிக் குடித்தனர் என்பதை அப்பிள்ளைகள் அறியார். அதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. குடிக்கும் பொருளில் ஊதுவதையும் பாத்திரத்துள் மூச்சு விடுவதையும் நபிகள் பெருமான் (ஸல்) விலக்கினார்கள். ஊதாமல் ஆற்றுவதற்கு அகன்ற தட்டில் ஊற்றுவதைவிட எளிய வழி என்ன இருக்கிறது? நகைப்புக்கு ஆளாகும் பெரியவர் அறிந்தோ அறியாமலோ ஒரு சுன்னத்தைப் பேணுகிறார். காதைச் சரியாகப் பிடித்துக்கொண்டு ‘உஸ்’ என்று ஊதுபவர் அதனை விடுகிறார்.

ஜப்பானியரின் தேநீர் முறையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ நெறிப்படுத்திய அம்முறையில் விருந்தினருக்கும் தனிக் கடமைகள் உண்டு. கிண்ணத்தின் முகப்பில் வாய் வைக்காதவாறு அதனைத் திருப்பிக்கொள்கிறார். குடித்த பின் கிண்ணத்தை உற்று நோக்கி அதன் வனைவைப் பாராட்டுகிறார். அச்சடங்கு நமக்கு வேண்டியதில்லை. அதன் உட்கருத்து வேண்டும். பீங்கான் கோப்பை ஒன்று உருவாவதற்கு வெண்களிமண்ணும் பெல்ஸ்பாரும் படிகக்கல்லும் அரைபட்டுக் கலக்க வேண்டும்; அச்சில் வார்த்துக் காய வைக்க வேண்டும்; தனியே செய்த காதைக் களிமண் குழம்பால் ஒட்ட வேண்டும்; சூளையில் சுட்டு, மெருகுக் குழம்பில் தோய்த்து மீண்டும் சுட வேண்டும். ஒட்டு சரியில்லையெனில் காது சூளையிலேயே பிரியும். விருத்தாசலத்துச் சூளை வெப்பத்தில் நின்ற கைகளைப் பக்கத்து ஊராராகிய நாமும் நினைப்பதில்லை. தேயிலையைக் கிள்ளிய கைகளையும் நினைப்பதில்லை. அத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பட்ட துயரைப் பி. எச். டேனியல் 1969இல் நாவலாக்கினார். அது ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழுக்கும் வந்தது. கோப்பையைப் பிடிக்கும் விரல்களைப் பற்றிக் கவலைப்படும் கையேடுகள் அதனைச் செய்த விரல்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

சம்பந்தம் பேசும் வீட்டில்

விருந்தினர் ஒழுக்கம் தவறினால் விளையும் தீங்கு மனவருத்தம் மட்டுமே என்று கருதிவிடக் கூடாது. பெண் பார்க்க வருவோரை எண்ணுக. மாப்பிள்ளை வீட்டுப் பெண்டிர் பத்துப் பேர் வந்து அமர்கின்றனர். அவர்களுக்கு வைக்கப்படும் தேநீர் அன்று விருந்தாக இருப்பதில்லை; தேர்வுத்தாளாகிவிடுகிறது. சர்க்கரை கூடினால் பெண்ணுக்குக் கணக்குத் தெரியாது. குறைந்தால் வீட்டில் வசதி இல்லை. கோப்பைகள் ஒரே வகையாய் இராவிட்டால் அண்டை வீட்டில் இரவல் வாங்கியவை. இப்படியெல்லாம் தீர்ப்புகள் எழுதப்படுகின்றன. தீர்ப்பு, திரும்பிச் செல்லும் வாகனத்திலேயே தொடங்கிவிடுகிறது.

நபிகள் பெருமான் (ஸல்) எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிடில் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். இந்த நபிமொழியை மேடைகளில் கேட்டுத் தலையசைக்கும் நம் குடும்பங்கள், பெண் பார்க்கும் வீட்டில் அதனை மறந்துவிடுவது ஏன்? அங்கே தாம் விருந்தினர் என்ற எண்ணமே இருப்பதில்லை. விலை பேச வந்தோர் என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது. கைக்கூலி என்னும் தீமையைக் கண்டித்துப் பலர் எழுதியுள்ளனர். அத்தீமை வாயில் திறந்ததும் வந்து அமரும் இடம் இத்தேநீர்த் தட்டு என்பதையும் எழுத வேண்டும். நிகாஹ் முடிவாகட்டும், ஆகாதிருக்கட்டும். உண்ட வீட்டின் பெண்ணைப் பற்றி ஒரு குறைச் சொல் நம் வாயிலிருந்து வருமாயின் அத்தேநீர் நமக்கு ஹலாலாக இருந்ததா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பின்கட்டுக் குவளை

இனிச் சொல்லப்போவது கசப்பானது. தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை என ஒரு கொடுமை வேரூன்றியிருந்தது. ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளை. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டோருக்கு வேறு குவளை. குடித்ததும் அவர்களே கழுவி வைக்க வேண்டும். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1989ஆம் ஆண்டு இன்னும் கடுமையான சட்டம் வந்தது. எனினும் வெவ்வேறு வடிவங்களில் அது தொடர்வதாகச் செய்திகள் வந்தவண்ணம் உள்ளன; எறிந்துவிடும் கோப்பையை ஒரு சாராருக்கு மட்டும் நீட்டுவதும் அவ்வடிவங்களில் ஒன்று. இலங்கையிலும் 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் நுழையும் உரிமைக்காகவே பெரும் போராட்டம் நடந்தது. ஒரு கோப்பைத் தேநீருக்காக மனிதர் அடிபட்டனர், உயிரும் இழந்தனர்.

இவையெல்லாம் பிறர் செய்தவை, நம் மார்க்கத்தில் இவை இல்லை என்று சொல்லி நாம் நிறைவுகொள்கிறோம். மார்க்கத்தில் இல்லை, அது மெய். ஒரே தாலாவைச் சுற்றி அமர்ந்து, செல்வரும் வறியரும் ஒரு சோற்றில் கை வைக்கும் வழக்கத்தை நாம் பெருமையோடு சொல்கிறோம். அப்பெருமைக்கு நாம் உரியவரே. ஆனால் நம் வீட்டுப் பின்கட்டைத் திறந்து பார்ப்போம். பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்கும், தோட்டம் கொத்த வருபவருக்கும், நெல் சுமந்து வருபவருக்கும் வைக்கப்படும் குவளை எது? சன்னல் விளிம்பில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் நசுங்கிய குவளை எத்தனை வீடுகளில் இல்லை? கூடத்தில் பீங்கான், கொல்லையில் ஈயப் பாத்திரம் என்றால் அதுவும் இரட்டைக் குவளையே. கடைக்காரருக்குச் சட்டம் உண்டு. வீட்டாருக்கு அல்லாஹ் ஒருவனே சாட்சி.

பணியாளர் உணவு கொண்டுவந்தால் அவரை உடன் அமர்த்துங்கள். இயலாவிடில் அதிலிருந்து ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடுங்கள், சூட்டையும் உழைப்பையும் தாங்கியவர் அவரே என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியில் உள்ளது. அதனைச் செயல்படுத்தும் கடமை இல்லத்தாருக்குரியது. விருந்தினருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு உண்டு. தமக்குத் தேநீர் கொணர்ந்தவரின் முகத்தைப் பார்த்து ஒரு நற்சொல் சொல்வது விருந்தினரால் இயலும். தமக்கு வலப்புறம் அமர்ந்தவர் வண்டி ஓட்டி வந்தவராயினும் முறைப்படி அவருக்கே அடுத்த கோப்பையை நகர்த்துவது இயலும். அண்ணலார் பருகிய பின் தமக்கு வலப்புறம் இருந்த ஒரு சிறுவரிடம் அனுமதி கேட்ட பிறகே இடப்புறத்துப் பெரியோருக்குத் தர முனைந்தார்கள். சிறுவர் தம் உரிமையை விட்டுக்கொடுக்க மறுக்கவே அவருக்கே கொடுத்தார்கள். செல்வத்தாலும் வயதாலும் அமையாத அந்த வரிசையைப் பேணும் விருந்தினர், ஒரு சொல்லும் கண்டிக்காமலே அவ்வீட்டைத் திருத்திவிடுவார்.

எழுந்த பின்

அப்துல்லாஹ் பின் புஸ்ர் (ரலி) அவர்களின் தந்தையார் இல்லத்தில் நபிகள் பெருமான் (ஸல்) உண்டு பருகிப் புறப்பட்டபோது, தந்தையார் வாகனத்தின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு துஆ வேண்டினார். அவ்வீட்டாருக்கு வழங்கப்பட்டதில் பரக்கத்தும், அவர்களுக்கு மன்னிப்பும் அருளும் வேண்டி அண்ணலார் துஆச் செய்தார்கள் என்று முஸ்லிமில் காண்கிறோம். அத்துஆ விருந்தளித்த ஆடவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ‘அவர்களுக்கு’ என்னும் பன்மையில் திரைக்குப் பின் நின்று அடுப்பூதிய பெண்ணும் அடங்குகிறாள். உபசாரத்தைப் புகழ்ந்து பேச வராதோர் இத்துஆவை அவ்வீட்டுப் பெண்களின் காதில் விழுமாறு ஓதினால் அதுவே நிறைந்த நன்றியாகும்.

விருந்தினர் ஒழுக்கம் வாசலைக் கடந்ததும் முடிவதில்லை. சபைகள் அமானிதம் என்பது நபிமொழி. ஒரு வீட்டின் கூடத்தில் அமர்ந்து தேநீர் பருகியவருக்கு அவ்வீட்டின் சுவர் விரிசலும், கோப்பையின் விளிம்பு உடைவும், உள்ளேயிருந்து கேட்ட தணிந்த குரலும் தெரியவருகின்றன. இவற்றையெல்லாம் அவர் அறிய வேண்டும் என்று அவ்வீட்டார் அழைக்கவில்லை. அவர்மீது நம்பிக்கை வைத்து அழைத்தனர். பருகிய தேநீர் சிறிது நேரத்தில் மறந்துபோகும். கண்டதை வெளியில் சொல்லாமல் காப்பதோ ஆயுள் முழுவதும் செலுத்த வேண்டிய கடன். அதனைச் செலுத்துபவரே விருந்தினர் என்னும் பெயருக்கு உரியவர்.